ஊக்கு குத்திய பக்கங்கள்

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

முதலில் மன்னிப்பு. இது எங்கள் காலனியின் மைத்ரி பௌத்த சங்கத்தின் நோட்டு. கூட்டக் குறிப்பு எழுதுவதற்காக, சங்கத்தை நடத்தும் விசாகா அக்கா வாங்கித் தந்தது. முன்பக்கத்திலிருந்து சங்கத்துக்கு எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பிடித்து, கேட்காமலே, எனக்காக எழுதுகிறேன். வாய் திறந்தால் வராதது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் ஒளித்து வைக்கிற வேலையும் இல்லை.

ஜூன் 26 அன்று நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். அம்மா பெயர் தேசம்மா. பெருங்கரை நடுநிலைப் பள்ளியில் அந்த வாரம்தான் சத்துணவு சமையலராகச் சேர்ந்தாள். பள்ளி ஊர்த்தெருவில் இருக்கிறது. நாங்கள் காலனி. அறுபத்தொரு பிள்ளைகள் சாப்பிடுகிற பள்ளியில் நாற்பத்தொரு பேர் ஊர்ப் பிள்ளைகள். காலனிக்காரி சமைத்தது வேண்டாம் என்று மூன்று நாள் டப்பாவில் சோறு கட்டி அனுப்பினார்கள். நான்காம் நாள் வியாழன், சாம்பார் நாள். பெற்றோர் குழுத் தலைவர் சௌந்தர்ராஜன் சமையலறைக்குள் வந்து குண்டானைக் காலால் தள்ளினார். சாம்பார் அம்மாவின் வலது காலில் கொட்டியது. வன்கொடுமை வழக்குப் பதிவாகியிருக்கிறது. அம்மா எட்டாம் நாளே கட்டோடு போய் அடுப்பை மூட்டினாள். காலனிப் பிள்ளைகள் இருபது பேர்தான் சாப்பிடுகிறார்கள்.

இன்று பௌத்த முறைப்படி மழைக்காலத்தின் முதல் பௌர்ணமி. மாலை சங்கத்தின் மன்றத்தில் கூடினோம். அக்கா ஒரு முறை சொன்னார். பழைய பிக்குகள் முடிவெடுத்த முறையாம். தீர்மானத்தை மூன்று தடவை வாசிப்பார்கள். சம்மதம் உள்ளவர் பேசாமல் இருக்க வேண்டும். சம்மதம் இல்லாதவர் மட்டும் பேச வேண்டும். கை தூக்கச் சொன்னால் யார் தூக்குகிறார்கள் என்று பார்த்துத்தான் மற்றவர் தூக்குகிறார்கள், இதில் அது கிடையாது என்றார்.

ஆட்டோ ஓட்டும் கபாலி அண்ணன் உடனே சொன்னார். "எங்க வூட்ல பதினெட்டு வருசமா இதான் சட்டம். அவ மூணு தபா கேப்பா. நான் கம்முனு இருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், ஆனால் உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி. பேசாமல் இருப்பதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிற இடம் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

முதல் தீர்மானம்: பள்ளி வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் தினமும் மதியம் அமைதி அமர்வு. கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஆளுக்கு ஒரு காலித் தட்டு முன்னால் வைத்து உட்கார வேண்டும். பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடும்வரை. மூன்று முறை வாசித்தார். நிறைவேறியது.

ஜூலை 11, வெள்ளி

அம்மா காலுக்குக் கட்டு மாற்றினேன். தோல் துணியோடு வந்தது. அவள் அந்நேரம் துவரம்பருப்பு வேகிற பதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

இன்றும் சாம்பார். புளியமரத்தடியில் பதினோரு பேர். என் தட்டில் ஒரு புளிய இலை விழுந்தது, அதையே முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. முட்டையால்தான் கணக்கு. எத்தனை பேர் சாப்பிடவில்லையோ அத்தனை முட்டை மிச்சம். இன்று மிச்சம் நாற்பத்தொன்று.

ஜூலை 28, திங்கள்

சௌந்தர்ராஜன் ஜாமீனில் வந்துவிட்டார். வண்டியை எங்கள் எதிரில் நிறுத்தினார்.

"இன்னா கபாலி, ஞானம் வந்துச்சா?"

"வந்தா மொதல்ல உனுக்குத்தான்ணே சொல்லி அனுப்புவேன். உனுக்குத்தான் அவசரமா வேணும்."

அமர்வில் பேசக் கூடாது என்று அக்கா அவரைக் கண்டித்தார். ஆனால் அக்காவின் உதட்டோரம் சிரிப்பு இருந்தது, நான் பார்த்தேன்.

மிச்ச முட்டை நாற்பது. அம்மா அந்த ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லவே இல்லை. சொன்னால் வீட்டில் அடிப்பார்களாம்.

ஆகஸ்ட் 9, சனி, பௌர்ணமி

கூட்டத்துக்கு முன்பு தரை கூட்டப் போனேன். மன்றத்தின் பின்புறம் சர்வேயரும் இன்னொருவரும் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மன்றம் இருப்பது புறம்போக்கு. எப்போது வேண்டுமானாலும் இடிக்கலாம் என்று பதினான்கு வருடமாகச் சொல்கிறார்கள். இடிக்கத்தான் வந்தார்களோ என்று பயந்து அக்காவிடம் ஓடினேன். வழக்கமான அளவைதான், கூட்டத்தில் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றார். குறிப்பில் எழுதவில்லை.

அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைக்கிறேன். அவர் முன்பு விஜயலட்சுமி. பௌத்த தம்மம் ஏற்றபோது விசாகா ஆனார். அரக்கோணத்தில் பி.எஸ்சி. முடித்து வீட்டில் முடங்கிக் கிடந்த என்னை மன்றத்துக்கு அழைத்தவர் அவர்தான். அங்கே முதல் நாள் என் பெயரைச் சொல்லச் சொன்னபோது கீர்த்தனா என்கிற ஐந்து எழுத்து வெளியே வரவே இல்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இவங்க கீர்த்தனா. நல்லா எழுதுவாங்க" என்றார். அதற்குமுன் என்னை யாரும் 'வாங்க போங்க' என்று சொன்னதில்லை.

பிறகு தனியாகச் சொன்னார். "நீ பேச வேணாம்டா. நீ எழுது, நான் பேசறேன். ரெண்டும் ஒண்ணுதான்."

காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் அப்படித்தான் நடந்தது. நான் எழுதித் தந்தேன், அக்கா பேசினார். எழுத்து மாறாமல் பேசினார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மிச்சம் முப்பத்தைந்து.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். அடுப்பு வெக்கையில் புண் மறுபடி கசிகிறது. கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "எந்த ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டாலும் போய்டுவேன்டி. கால் எரியுது."

தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தேன். எண்ணெய் தடவி முடிப்பதற்குள் அவளே, "யார்கிட்டயும் சொல்லிடாத. அந்த நாப்பத்தோரு முட்டையும் போற வரைக்கும் அடுப்ப வுட்டு நவுர மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு நாளைக்குக் கீரை யார் கொண்டுவருவார்கள் என்கிற பேச்சு.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. காலையிலிருந்து ஊர்த்தெருவில் ஒலிபெருக்கி. அக்கா நோட்டைக் கேட்டார். அமர்வு பற்றிய தேதிகள் ஒரு மனுவுக்கு வேண்டுமாம். நாளை மறுநாள் தருவதாகச் சொன்னார். கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. உள்ளே போய் இந்தப் பின்பக்கத் தாள்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அம்மாவின் ஊக்கு ஒன்றைக் குத்திக் கொடுக்கப் போகிறேன். கேட்டால் கணக்குப் பாடம் போட்டுப் பார்த்த தாள்கள் என்று சொல்லலாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நோட்டு வந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஊக்கின் தலை கீழ்ப்பக்கமாக இருந்தது. அவசரத்தில் நான்தான் அப்படிக் குத்தியிருப்பேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மிச்சம் இருபத்தெட்டு. ஊர்ப் பிள்ளைகள் பதின்மூன்று பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் சாம்பார் நாளில். ஒரு பெண் இரண்டாம் முறை சாம்பார் கேட்டாளாம். அம்மா அதை நாலு தடவை சொன்னாள். நான் நாலு தடவையும் புதிதாகக் கேட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு, பௌர்ணமி

முன்பக்கத்தில் இன்றைய குறிப்பு ஒன்பது வரி. இங்கே மீதியை எழுதுகிறேன். கால் வலி என்று அம்மா கூட்டத்துக்கு வரவில்லை.

அக்கா இன்று வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். முகம் களைத்திருந்தது. தியானம் முடிந்ததும் சமரசம் என்று தொடங்கினார். வழக்கு முடிய ஆறேழு வருடம் ஆகும். அதுவரை பிள்ளைகள் இரண்டு வரிசையாகவே வளரும். நீதி என்பது தண்டனை மட்டும் இல்லை. கோட்டாட்சியர் அமைதிப் பேச்சுக்குத் தயாராக இருக்கிறார். தேசம்மாவைக் காலனிப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கு மாற்றுவார்கள். அக்டோபர் 13 அன்று நீதிமன்றத்தில் தேசம்மா, குண்டான் கைதவறிக் கவிழ்ந்தது என்று சொல்ல வேண்டும். சௌந்தர்ராஜன் மன்றத்துக்கு வந்து வருத்தம் தெரிவிப்பார்.

கபாலி அண்ணன் கேட்டார், காலனிப் பள்ளியில் நம் பிள்ளைகள்தானே படிக்கின்றன, அங்கே நம் வீட்டுச் சோறு நம் பிள்ளைக்கு என்றால் இத்தனை நாள் வெயிலில் எதற்கு உட்கார்ந்தோம் என்று. நியாயமான கேள்வி. நான் அதைக் குறிப்பில் எழுதினேன்.

அக்கா சொன்னார். "தேசம்மாவே, எந்த ஸ்கூலுக்குத் தூக்கிப் போட்டாலும் போய்டுவேன்னு சொல்லியிருக்காங்க. கால் எரியுதுன்னு அழறாங்க. அவங்க உடம்பை வெச்சு நாம போராட்டம் நடத்தறது தம்மமா?"

அம்மா அழவில்லை. அது எனக்குத் தெரியும். மற்றது எல்லாம் சொல்லுக்குச் சொல் அம்மாவுடையது. அம்மாவும் அக்காவும் எப்போது பேசினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே முதல் முறை வாசித்து முடித்துவிட்டார். சம்மதம் உள்ளவர் பேசாமல் இருக்கவும்.

யாரும் பேசவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். எப்போதும் என் முகம் பார்த்தே எனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பவர், இன்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை. வெளியே ஒரு மணல் லாரி போனது. கபாலி அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். இந்தச் சத்தம் அடங்கட்டும், பிறகு சொல்கிறேன் என்று நினைத்தேன். லாரி போய்விட்டது.

மூன்றாம் முறை. என் கை எழுதிக்கொண்டிருந்தது. 'மூன்றாம் முறை வாசிக்கப்பட்டது. அனைவரும் மௌனம்' என்று, அக்கா வாசித்து முடிப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன்.

வெளியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கபாலி அண்ணன் வந்தார். "நீ வாயத் தொறப்பன்னு பாத்துக்கினே இருந்தேன் பாப்பா. பெத்த பொண்ணு நீயே கம்முனு இருக்கச்சொல்ல, நான் இன்னாத்த சொல்றது?"

செப்டம்பர் 8, திங்கள்

அக்காவே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ கூடத்தானே இருந்த?"

இருந்தேன் என்றேன்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

முறத்தை இரண்டு தட்டு தட்டினாள். தலை நிமிரவில்லை. "அத்த உன்னாண்டதானே சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லலியே."

நான் சொல்லவில்லை அம்மா என்று சொல்ல வேண்டும். சொன்னேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒருவேளை ஏதோ ஒரு நாள் அக்காவிடம் வாய்தவறி விட்டிருப்பேனோ. என் வாய் தவறாது. அதற்குத் திறக்கவே வராது.

செப்டம்பர் 12, வெள்ளி

அமர்வு நிறுத்தப்பட்டது. தட்டுகளைக் கழுவி மன்ற அலமாரியில் அடுக்கினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சமையலர் மாறப்போகிறார் என்று ஊரில் தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று டப்பா மறுபடி வருகிறது. மிச்சம் முப்பத்தேழு. இரண்டாம் முறை சாம்பார் கேட்ட பெண்ணும் வரவில்லை.

அம்மா இப்போது முட்டை எண்ணிக்கையை என்னிடம் சொல்வதில்லை. நான்தான் கேட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மன்றத்துக்குப் பட்டா வந்துவிட்டது. பன்னிரண்டு சென்ட். அக்கா எல்லோருக்கும் ரவா லட்டு கொடுத்தார். இனி யாரும் இடிக்க முடியாது, மழைக்காலத்தில் நல்ல செய்தி என்று எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

உத்தரவைக் கோப்பில் வைக்கச் சொல்லி என்னிடம் தந்தார். வைப்பதற்கு முன் படிப்பது என் பழக்கம். அரசாங்கத் தாளில் மேலே 'பார்வை' என்று போட்டு எந்தெந்தக் கடிதத்தின் பேரில் இந்த உத்தரவு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். முதல் பார்வை, நில அளவர் அறிக்கை, ஆகஸ்ட் 9. இரண்டாம் பார்வை, கோட்டாட்சியர் தலைமையில் நடந்த அமைதிக் கூட்டத்தின் முடிவு, ஆகஸ்ட் 28.

நாங்கள் சம்மதித்தது செப்டம்பர் 7.

லட்டு கையிலேயே உதிர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தேன். ஊக்கைக் கழற்றி மறுபடி குத்திப் பார்த்தேன். பத்துத் தடவை குத்தினேன். நான் இடது கைக்காரி. எப்படிக் குத்தினாலும் என் கையில் தலை மேலேதான் வருகிறது.

செப்டம்பர் 20, சனி

ஆகஸ்ட் 21 பக்கத்தைப் படித்தேன். நானே எழுதியதுதான். முதலில் 'தூக்கிப் போட்டாலும் போய்டுவேன்'. ஐந்து வரி தள்ளி 'நவுர மாட்டேன்'. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதைப் படித்தவர் கண்ணில் இரண்டாவது படாமல் போக வழியில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டு விடுமுறைக்கு முன் கடைசி நாள். மிச்சம் நாற்பத்தொன்று.

அக்டோபர் 2, வியாழன்

அம்மா புதிதாக ஒன்று செய்கிறாள். வேலை செய்துகொண்டே வாய்க்குள் முணுமுணுக்கிறாள். கீரை ஆயும்போது பக்கத்தில் போய் நின்று கேட்டேன். "கை தவறிக் கவுந்துட்ச்சு சார். கை தவறிக் கவுந்துட்ச்சு சார்." நீதிமன்றத்தில் தடுமாறக் கூடாதாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அக்கா, இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நாளை பௌர்ணமி. கூட்டத்தில் தீர்மானத்தின் நகலில் கையெழுத்தாக வேண்டும் என்று நோட்டைக் கேட்டிருக்கிறீர்கள். இன்று மாலை கொண்டுவந்து தருகிறேன். பின்பக்கமும் படிப்பீர்கள் என்று தெரியும். இந்தத் தடவை ஊக்கு இல்லை. அதைக் கழற்றி அம்மாவின் ஜாக்கெட்டிலேயே குத்திவிட்டேன்.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. காவல் நிலையத்தில் எழுத்து மாறாமல் பேசினீர்களே, அதே குரலில்தான் என் பக்கத்திலிருந்து பாதி வரியை எடுத்துப் பேசினீர்கள். அதுதான் ஆறவில்லை. மன்றம் இடிபட்டால் நானும்தான் அழுவேன். பட்டா வேண்டும், அதற்காகத் தேசம்மா வேலையை விட்டுத் தர வேண்டும் என்று கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போமோ தெரியாது. அம்மா ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள். நீங்கள் கேட்கவே இல்லை. பத்து நாள் முன்பே முடித்துவிட்டு வந்து, எங்கள் மௌனத்தை வாங்கிப் போனீர்கள்.

என் தப்பையும் எழுதுகிறேன். உங்கள் முறையில் பிசகில்லை. பேச வேண்டியவள் பேசவில்லை. நான் பேசாததால் கபாலி அண்ணன் பேசவில்லை. நான் எதிர்க்காததால் அம்மா நம்பினாள். நீங்கள் வாசித்து முடிப்பதற்கு முன்பே 'அனைவரும் மௌனம்' என்று எழுதிய கை என்னுடையது. உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் மறுபடி என்னை 'வாங்க' என்று சொல்ல மாட்டீர்கள் என்று பயந்தேன். அதை இதுவரை இங்கேகூட எழுதவில்லை.

அம்மா இன்னும் நான்தான் வெளியில் சொன்னேன் என்று நினைக்கிறாள். அவள் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. நேற்று எனக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு அவள் வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு வரிசை.

நாளை மழைக்காலத்தின் கடைசிப் பௌர்ணமி. ஜூலையிலேயே சொல்லித் தந்தீர்கள், அன்று ஒவ்வொருவரும் கை கூப்பி மற்றவரிடம், என்னிடம் குறை பார்த்திருந்தால், கேட்டிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும் என்று. மூத்தவர் என்பதால் நீங்கள்தான் முதலில் கேட்பீர்கள். நான் பார்த்தது, கேட்டது, சந்தேகப்பட்டது மூன்றும் இந்தப் பக்கங்களில் இருக்கின்றன. நாளை அதை நான் எல்லோர் முன்னாலும் வாசிக்க மாட்டேன். நீங்கள் படித்தால் போதும்.

நகலில் கையெழுத்து போட மாட்டேன். அம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்து வருகிறேன். அவள் என் பக்கத்தில் உட்காருவாள். காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு, இருக்கிற ஒரே கண்ணாடி முன் நின்று 'சம்மதம் இல்லை' என்று சொல்லிப் பழகுகிறேன். இரண்டே சொல். இப்போதைக்கு 'சம்மதம்' வரை சத்தமாக வருகிறது.

உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே தந்துவிடுவீர்கள். இது ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

அந்தத் தீர்மானத்தை நாளை நான்காம் முறை வாசியுங்கள், அக்கா. தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து வாசியுங்கள்.